கொப்பியில் எல்லோருக்கும் 9.81

கேள்வி: துணுக்காய்ப் பக்கம் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். வகுப்பில் இருபத்தொரு பிள்ளைகள். பரிசோதனை செய்யச் சொன்னால் ஆசையாகச் செய்கிறார்கள். எழுதச் சொன்னால் போன வருடத்து அண்ணாமாரின் கொப்பியைப் பார்த்து எழுதிக்கொண்டு வருகிறார்கள். எளிய ஊசலில், அதாவது நூலில் குண்டைக் கட்டி ஆட்டும் பரிசோதனையில், பதினாறு பேருக்குப் புவியீர்ப்பு ஆர்முடுகல் (விழும் பொருளின் வேகம் கூடும் வீதம்) 9.81 என்று வந்திருக்கிறது. முடிவு என்ற தலைப்பின் கீழ் எல்லாக் கொப்பியிலும் ஒரே வசனம்: ‘மனித வழுக்கள் காரணமாகச் சிறிய வித்தியாசம் ஏற்பட்டபோதிலும் பரிசோதனை வெற்றிகரமாக நிறைவேறியது.’ எங்களிடம் நிறுத்தற்கடிகாரம் இரண்டுதான் உண்டு. வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வருபவர்கள் கொப்பி துப்புரவாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். பிள்ளைகளைச் சொந்தமாக எழுதவைப்பது எப்படி? அவர்களின் தமிழ்ப் பிழைகளையும் நான்தான் திருத்தவேண்டுமா? பல்கலைக்கழகம் போனால் ஆங்கிலத்தில் எழுதவேண்டி வருமே, இப்போதே பழக்கட்டுமா?

பதில்:

அன்பின் ரீச்சர்,

அந்த முடிவு வசனத்தை இன்னொரு தரம் வாசித்துப் பாருங்கள். பதினாறு பேருக்குச் சரியாக 9.81 வந்திருக்கிறது. அப்படியென்றால் ‘சிறிய வித்தியாசம்’ எங்கே ஏற்பட்டது? வித்தியாசமே இல்லாத இடத்தில் அதற்குக் காரணமும் எழுதியிருக்கிறார்கள். தான் எழுதிய வசனத்தைத் தானே வாசிக்காத பிள்ளைதான் இப்படி எழுதும். பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு ஆய்வுகூடம் நடத்துகிற எனக்கும் வருடம் தவறாமல் இந்த வசனம் வந்து சேர்கிறது. ஆகவே உங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள வியாதி என்று கவலைப்படாதீர்கள்.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. துணுக்காயில் அந்தப் பெறுமானம் 9.81 இல்லை. பூமி சுழல்கிறது, நடுவில் சற்றுப் புடைத்தும் இருக்கிறது. அதனால் மத்திய கோட்டில் புவியீர்ப்பு ஆர்முடுகல் செக்கனின் வர்க்கத்துக்கு ஏறக்குறைய 9.78 மீற்றர், துருவங்களில் 9.83. நியமப் பெறுமானம் என்று 1901இல் சர்வதேச அளவில் ஏற்றுக்கொண்ட 9.80665 கூட நடு அகலக்கோட்டை ஒட்டியது. துணுக்காய் இருக்கும் வன்னி, வட அகலக்கோடு 9 பாகை சொச்சத்தில் கிடக்கிறது. இங்கே 9.78 தான். 9.81 என்பது பாரிசிலோ லண்டனிலோ ஊசலை ஆட்டினால் வரவேண்டிய எண். உங்கள் பதினாறு பேரும் ஐரோப்பாவின் பெறுமானத்தைத் துணுக்காயில் அளந்திருக்கிறார்கள்!

இதை வகுப்பில் அப்படியே சொல்லுங்கள். ஏசவேண்டாம், சொன்னால் போதும். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்து முடிந்ததும், ‘சரி, அப்ப எங்கட ஊரில எவ்வளவு?’ என்று ஒருவராவது கேட்பார். அந்தக் கேள்விதான் உங்களுக்கு வேண்டியது. என் அபிப்பிராயத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு எழுதத் தெரியாமல் இல்லை. எழுதுவதற்கு அவர்களிடம் ஒன்றும் இல்லை. நோக்கம் பாடநூலில் இருக்கிறது. செய்முறை ரியூசன் குறிப்பில் இருக்கிறது. விடை என்ன என்று ரீச்சருக்கும் தெரியும், ரீச்சருக்குத் தெரியும் என்பது பிள்ளைக்கும் தெரியும். இவ்வளவும் தெரிந்த ஒருவருக்கு எதை விளக்கி எழுதுவது? அண்ணாவின் கொப்பியைப் பார்த்து எழுதுவதுதான் அந்த இடத்தில் புத்திசாலித்தனம். எழுத்தைத் திருத்துவதற்கு முன் கேள்வியை மாற்றுங்கள். ‘எளிய ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு ஆர்முடுகலைத் துணிதல்’ என்ற தலைப்பை எடுத்துவிட்டு, ‘எங்கள் பாடசாலையில் பெறுமானம் 9.81 ஆ, 9.78 ஆ? எங்களிடம் உள்ள பொருட்களால் அதைச் சொல்லமுடியுமா?’ என்று கரும்பலகையில் எழுதுங்கள்.

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதப் போனால் வழுவைப் பற்றி எழுதாமல் தப்பவே முடியாது. ஒரு கணக்கைச் செய்து காட்டுகிறேன். நூலின் நீளம், குண்டின் மையம் வரைக்கும், 100.0 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். 20 அலைவுகளுக்கு மூன்று தடவை எடுத்த நேரங்கள் 40.13, 40.31, 39.98 செக்கன். கடிகாரம் செக்கனின் நூறில் ஒரு பங்கு வரை காட்டுகிறது, ஆனால் அதை அழுத்துகிற விரல் அவ்வளவு நுட்பம் இல்லை. கண் கண்டு விரல் அழுத்த ஏறக்குறைய 0.2 செக்கன் போய்விடும். மூன்று வாசிப்புகளும் தங்களுக்குள் விலகியிருப்பதும் அந்த அளவுதான். சராசரி 40.14, ஆகவே ஓர் அலைவுக்கு எடுக்கும் நேரமான அலைவுகாலம் 2.007. 4π² × நீளம் ÷ அலைவுகாலத்தின் வர்க்கம் என்ற சமன்பாட்டைக் கணிகருவியில் போட்டால் 9.8009 என்று வரும். பிள்ளை அதை அப்படியே நான்கு தசம தானத்தோடு எழுதும், இல்லாவிட்டால் ‘9.81 என எடுக்கலாம்’ என்று கூச்சமில்லாமல் எழுதும்.

உண்மையில் எழுதக்கூடியது என்ன? 40 செக்கனில் 0.2 என்றால் அரைச் சதவீதம். சமன்பாட்டில் அலைவுகாலம் வர்க்கமாக வருகிறபடியால் அது ஒரு சதவீதமாகிறது. நீளத்தில் ஒரு மில்லிமீற்றர் பிழைத்திருந்தால் கூடவே பத்தில் ஒரு சதவீதம். ஆகவே விடை 9.8 ± 0.1. இதற்கு அர்த்தம், இந்த ஊசலால் 9.81ஐயும் 9.78ஐயும் வேறு பிரிக்கமுடியாது என்பது. ‘முடியாது’ என்பதும் முடிவுதான். அதையும் ஏன் முடியாது என்பதையும் ஒரு பிள்ளை தன் சொல்லில் நான்கு வரி எழுதினால், ‘வெற்றிகரமாக நிறைவேறியது’ என்று எழுதிய இருபது கொப்பிகளை விட எனக்கு அது பெறுமதி.

பிறகு அடுத்த கேள்வி தானாகவே எழும்: எப்படிச் செய்தால் பிரிக்கலாம்? இங்கேதான் உங்கள் பிள்ளைகள் உங்களையே அசத்தப் போகிறார்கள். கூரை வளையில் பிளந்த தக்கையை இறுக்கி இரண்டு மீற்றர் ஊசல் தொங்கவிடலாம். 20 அலைவுக்குப் பதில் 100 எண்ணலாம். அப்போது ஏறக்குறைய 284 செக்கன் வரும், அதில் 0.2 என்பது 0.07 சதவீதம்தான். நீளத்தின் வழுவையும் சேர்த்தால் விடையில் ± 0.02 அளவுக்கு வந்துவிடலாம். ஆனால் அந்த நேரம் இதுவரை கண்டுகொள்ளாத வேறொன்று தலைகாட்டும். ‘சிறிய கோணத்தில் ஆட்டவும்’ என்று பாடநூல் சொல்வதைப் பிள்ளைகள் மந்திரம் போல எழுதுவார்கள். எவ்வளவு சிறிது? 10 பாகையில் ஆட்டினால் அலைவுகாலம் ஏறக்குறைய 0.2 சதவீதம் கூடும், விடை 0.04 குறைந்துவிடும். நீங்கள் தேடுகிற வித்தியாசமே 0.03 தானே! 5 பாகைக்கு இறக்கினால் பாதிப்பு 0.01. இரண்டு மீற்றர் ஊசலில் 5 பாகை என்பது பக்கவாட்டில் 17 சென்ரிமீற்றர். அடிமட்டம் வைத்து அளந்து விடலாம். இதை ஒருமுறை கணக்குப் பார்த்த பிள்ளை ‘சிறிய கோணம்’ என்று இனிமேல் வெறுமனே எழுதாது, எத்தனை பாகை, ஏன் அத்தனை என்றும் எழுதும்.

‘மனித வழு’ என்ற சொற்றொடரை வகுப்பில் தடைசெய்யுங்கள். ‘காற்றுத் தடை’யையும் சேர்த்துத் தடைசெய்யலாம். இரண்டும் எந்தப் பரிசோதனைக்கும் பொருந்தும், அதனாலேயே எதையும் சொல்வதில்லை. ஒரு வழுவைப் பற்றி எழுதுவதென்றால் மூன்று விடயங்கள் வேண்டும் என்று சொல்லுங்கள்: அது எந்த வாசிப்பில் வருகிறது, அந்த வாசிப்பைக் கூட்டுமா குறைக்குமா, ஏறக்குறைய எவ்வளவு. மூன்றில் எதையாவது சொல்ல முடியாவிட்டால் அந்த வழுவை எழுதவே கூடாது.

ஊசல் வரைபிலேயே இதற்கு அருமையான உதாரணம் கிடைக்கிறது. அலைவுகாலத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிரே குறித்தால் நேர்கோடு இரண்டு அச்சும் பூச்சியத்தில் சந்திக்கும் உற்பத்திப் புள்ளியூடாகப் போகவேண்டும். பல பிள்ளைகளுக்குப் போகாது. உடனே ‘மனித வழு’ என்று எழுதிவிட்டு, கோட்டைக் கொஞ்சம் சாய்த்து உற்பத்தியோடு பொருத்திவிடுவார்கள். சாய்க்காமல் விட்டுவிட்டு, கோட்டைப் பின்னால் நீட்டி நீள அச்சை எங்கே வெட்டுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். மறைப் பக்கத்தில் ஒரு சென்ரிமீற்றரில் வெட்டினால் வேணியர் இடுக்கிமானியை எடுத்துக் குண்டின் விட்டத்தை அளக்கட்டும். இரண்டு சென்ரிமீற்றர் இருக்கும். பிள்ளை நீளத்தைக் குண்டின் மேல்விளிம்பு வரை அளந்திருக்கிறது, ஆரையைக் கூட்ட மறந்துவிட்டது. கோட்டின் சாய்வான படித்திறன் மாறவில்லை, ஆகவே விடை பழுதாகவும் இல்லை! ‘வெட்டுத்துண்டு ஒரு சென்ரிமீற்றர், அது குண்டின் ஆரைக்குச் சமம், ஆகவே நாங்கள் குண்டின் மையம் வரை அளக்கவில்லை என்று நினைக்கிறோம், படித்திறனில் இருந்து பெற்ற விடையை இது பாதிக்காது.’ இப்படி ஒரு வசனம் எழுதிய பிள்ளைக்கு முழுப் புள்ளியும் கொடுங்கள். தமிழில் சந்திப் பிழை இருந்தாலும் பரவாயில்லை.

அடுத்தது, எழுதும் இடம். உங்கள் பிள்ளைகள் ஆய்வுகூடத்தில் ஒரு துண்டுக் கடதாசியில் வாசிப்பைக் கிறுக்கிக்கொண்டு போய், வீட்டில் சி.ஆர். கொப்பியில் வடிவாக எழுதுகிறார்கள் என்றுதான் ஊகிக்கிறேன். பார்த்தெழுதுவது நடப்பது அந்த வீட்டுப் பயணத்தில். துண்டுக் கடதாசியை ஒழித்துவிடுங்கள். வாசிப்பு எடுக்கும்போதே கொப்பியில், பேனையால் எழுதவேண்டும். பிழைத்தால் ஒற்றைக் கோடு இழுத்துவிட்டுப் பக்கத்தில் திருத்தியது எழுதவேண்டும், அழிக்கக்கூடாது. பாடம் முடியும்போது நீங்கள் ஒவ்வொரு அட்டவணையின் கீழும் ஒப்பமும் திகதியும் வைத்துவிடுங்கள். பிறகு யாரும் எண்ணை மாற்றமுடியாது. ஒவ்வொரு குழுவுக்கும் வேறு வேறு நீளம், வேறு குண்டு கொடுத்தால் பக்கத்து மேசையைப் பார்ப்பதிலும் பிரயோசனம் இராது. பார்த்தெழுதுவதை ஒழுக்கப் பிரச்சினையாக்கிப் பிரசங்கம் செய்வதைவிட இந்த இரண்டு ஏற்பாடும் நன்றாக வேலைசெய்யும்.

அட்டவணைக்குப் பக்கத்தில் மூன்று விரல் அகல ஓரம் விடச் சொல்லுங்கள். கண்டதை எழுதுவதற்கு அது. அரைச்சுவர் வகுப்பறையில் சோளகம் வீசும்போது ஊசல் நேராக ஆடாது, நீள்வட்டத்தில் சுற்றத் தொடங்கும். அதைக் காணாத பிள்ளை இராது. ஆனால் எந்தக் கொப்பியிலும் அது இராது, ஏனென்றால் பாடநூலில் அதற்குத் தலைப்பு இல்லை. ‘மூன்றாவது வாசிப்பின்போது காற்று வீசியது, குண்டு சுற்றியது, யன்னல் பக்கம் பலகை வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தோம்’ என்று ஓரத்தில் எழுதினால் அந்த வாசிப்பை ஏன் விட்டோம் என்பதற்குச் சாட்சி அதுவே. விஞ்ஞானி மைக்கேல் பரடே வருடக்கணக்காகத் தன் ஆய்வுக் குறிப்புகளுக்குப் பந்தி பந்தியாக இலக்கமிட்டு, சரிவராத பரிசோதனைகளையும் விடாமல், பதினாறாயிரத்துக்கும் மேலே எழுதிப் போனார். புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர், முறையான பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. பிள்ளைகளுக்கு அவரைப் பற்றிச் சொல்லுங்கள், அவரின் விதிகளை மட்டும் சொல்லாமல்.

வாசிப்பை விடுவது பற்றி இன்னொரு சொல். பௌதிகவியலாளர் மில்லிக்கன் 1913இல், இலத்திரனின் ஏற்றத்தை அளந்த எண்ணெய்த் துளிப் பரிசோதனையின் முடிவை வெளியிட்டபோது 58 துளிகளின் கணக்கைக் கொடுத்தார். அவரின் ஆய்வுக் குறிப்பேட்டில் அதைவிட அதிகமான துளிகள் உண்டு. அவர் விட்டது நியாயமா என்று இன்றைக்கும் விவாதிக்கிறார்கள். விவாதிக்க முடிவதே குறிப்பேடு அழியாமல் இருப்பதால்தான். அவரின் விடையும் இன்றைய பெறுமானத்தைவிடச் சற்றுக் குறைவு. காற்றின் பாகுமைக்கு, அதாவது விழும் துளியைக் காற்று இழுத்துப் பிடிக்கும் தன்மைக்கு, அவர் எடுத்த எண் பிழை. அப்படியிருந்தும் 1923இல் நோபல் பரிசு கிடைத்தது. ‘விடை பிழைத்தால் புள்ளி போய்விடும்’ என்று பயப்படுகிற பிள்ளைக்கு இந்தக் கதை தேவை. அதைவிட முக்கியமாக, உங்கள் புள்ளித்திட்டத்தில் விடை பாடநூலோடு ஒத்துப்போவதற்கு ஒரு புள்ளியும் இருக்கக்கூடாது. இருக்கும் வரைக்கும் 9.81 வந்துகொண்டேயிருக்கும்.

செய்முறைப் பகுதியை எழுதப் பழக்குவதற்கு நான் கண்ட சிறந்த வழி, எழுதியதை வேறொருவர் கையில் கொடுத்துச் செய்யவைப்பது. முதலாம் குழு எழுதியதை இரண்டாம் குழு வாசித்து, அதில் உள்ளதை மட்டும் செய்யவேண்டும். மனதில் தெரிந்ததைச் சேர்க்கக்கூடாது. ‘நூலைக் கட்டித் தொங்கவிடவும்’ என்று எழுதியிருந்தால் இரண்டாம் குழு ஆணியில் ஒரு சுற்றுச் சுற்றித் தொங்கவிடும். ஊசல் ஆட ஆட நூல் ஆணியில் உருண்டு நீளம் மாறும். ‘20 அலைவுக்கு நேரம் எடுக்கவும்’ என்றிருந்தால், குண்டை விட்டவுடன் ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கி 19 அலைவுக்கு நேரம் எடுத்துக்கொண்டு வருவார்கள். ‘பூச்சியம்’ என்று சொல்லித் தொடங்கவேண்டும், நடுத்தானத்தைக் கடக்கும்போது தொடங்கவேண்டும், அதற்கு ஒரு குறி வைக்கவேண்டும் என்பதெல்லாம் அப்போதுதான் எழுத்தில் வரும். இரண்டு குழுவுக்கும் சண்டை வரும், வரட்டும். ‘நீங்கள் அப்படி எழுதவில்லை’ என்று சக பிள்ளை சொல்வது, நீங்கள் சிவப்புப் பேனையால் எழுதுவதைவிட ஆழமாகப் போகும். இரண்டு நிறுத்தற்கடிகாரம் இதற்குப் போதும். போதாவிட்டால் உங்கள் கைத்தொலைபேசியிலும் ஒன்று இருக்கிறது.

வாக்கியம் பற்றியும் கேட்கலாம். ‘எடுக்கப்பட்டது, அளக்கப்பட்டது, குறிக்கப்பட்டது’ என்று வரிசையாக எழுதுவதுதான் விஞ்ஞானத் தமிழ் என்று எங்கேயோ பழகிவிட்டார்கள். ‘அளந்தோம்’ என்று எழுதவிடுங்கள். யார் என்ன செய்தார் என்பது தெரியும், பொறுப்பும் வரும்.

ஊசலோடு நிறுத்தாமல், விடை பாடநூலில் இல்லாத இன்னொன்றையும் சொல்கிறேன். இரண்டு திரவங்களின் அடர்த்தியை ஒப்பிடும் ஏயரின் கருவி உங்களிடம் இல்லாவிட்டாலும் இரண்டு கண்ணாடிக் குழாய், ஒரு முக்கவர், இறப்பர்க் குழாய், கவ்வி இருந்தால் கட்டிவிடலாம். இரண்டு குழாய்களும் இரண்டு முகவைகளில் உள்ள திரவங்களில் நிற்க, மேலே காற்றை உறிஞ்சிக் கவ்வியால் இறுக்கினால் இரண்டு திரவமும் வேறு வேறு உயரத்துக்கு ஏறும். உயரங்களின் விகிதம் அடர்த்திகளின் தலைகீழ் விகிதம். முல்லைத்தீவுப் பக்கம் உறவுக்காரர் உள்ள பிள்ளை ஒரு போத்தல் நந்திக்கடல் களப்பு நீர் கொண்டுவரட்டும். மற்றவர்கள் வவுனிக்குளத்து நீரும் வீட்டுக் கிணற்று நீரும். மழைநீர் 40 சென்ரிமீற்றர் ஏறும்போது சாதாரணக் கடல்நீர் ஏறக்குறைய 39 தான் ஏறும், அதன் அடர்த்தி கன மீற்றருக்கு 1025 கிலோகிராம் அளவு என்பதால். ஒரு சென்ரிமீற்றர் வித்தியாசத்தை மீற்றர்க் கோலால் தாராளமாகக் காணலாம். நந்திக்கடல் நீர் மாரியில் நன்னீர் கலந்து ஒரு மாதிரியும் கோடையில் வற்றி வேறொரு மாதிரியும் இருக்கும். ஆகவே என்ன விடை வரவேண்டும் என்று உங்களுக்கும் முன்கூட்டித் தெரியாது. அதுதான் இதில் நல்ல விடயம்.

கிணற்று நீரையும் குளத்து நீரையும் ஒப்பிடும் குழுவுக்கு உயரங்கள் ஒன்றாகவே வரும். எங்கள் கிணற்று நீரில் கல்சியம் படிந்து கேத்திலே வெள்ளை பிடிக்கிறது, எல்லோருக்கும் தெரியும். அப்படியென்றால் அடர்த்தியும் கூடத்தானே இருக்கவேண்டும்? ஒரு லீற்றரில் ஒரு கிராம் உப்புகள் கரைந்திருந்தாலும் அடர்த்தி பத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் கூடாது. 40 சென்ரிமீற்றரில் அது அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. கோலால் காணமுடியாது. ‘இரண்டின் அடர்த்தியும் சமம்’ என்று எழுதுவதா, ‘எங்கள் கருவியால் வித்தியாசம் காணமுடியவில்லை, இருந்தால் அது 0.5 சதவீதத்துக்குள் இருக்கும்’ என்று எழுதுவதா? இந்த ஒன்றை வகுப்பில் அரை மணித்தியாலம் வாதாட விடுங்கள். எழுதப் பழகுவதில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

இனி உங்கள் மற்றக் கேள்விகள். துப்புரவு பற்றி வலயத்தோடு சண்டை பிடிக்க வேண்டாம். கொப்பியின் முதற் பக்கத்தில், ‘இது ஆய்வுகூடத்தில் நேரடியாக எழுதப்படும் கொப்பி, வெட்டுகள் வேண்டுமென்றே விடப்பட்டவை’ என்று ஒரு வரி எழுதி அதிபரின் ஒப்பத்தையும் வாங்கி வையுங்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் நியாயமான ஆட்கள்தான், காரணம் தெரிந்தால் விட்டுவிடுவார்கள். அட்டவணைத் தலைப்பில் அலகு, வரைபில் அச்சுகளின் பெயர், தசம தானம் ஒரே சீர் என்பவற்றில் மட்டும் நீங்களும் விட்டுக்கொடுக்காதீர்கள். அந்தத் துப்புரவுக்கு அர்த்தம் உண்டு.

இதற்கெல்லாம் நேரம் எங்கே, பாடத்திட்டம் முடிக்கவேண்டுமே என்று பெற்றோர் கேட்பார்கள். இப்போது உயர்தரப் பௌதிகவியலுக்குத் தனியே செய்முறைப் பரீட்சை இல்லை என்பது உண்மை. ஆனால் இரண்டாம் வினாத்தாளில் உள்ள நான்கு அமைப்புக் கட்டுரை வினாக்களும் கட்டாயம், அவற்றில் ஆய்வுகூடத்துக் கேள்விகள் வராத வருடம் இல்லை. அந்தக் கேள்விகள் ஏன் இந்த நீளத்தைத் தெரிந்தீர், ஏன் நடுத்தானத்தில் இருந்து எண்ணுகிறீர் என்றுதான் கேட்கின்றன. மேலே சொன்ன சண்டைகளைப் பிடித்த பிள்ளைக்கு இரண்டு வரியில் பதில் எழுத வரும்.

தமிழ்ப் பிழைகளை நீங்கள் திருத்தவேண்டாம். கருத்து மாறுகிற இடத்தில் மட்டும் கோடிட்டு, ‘இது விளங்கவில்லை’ என்று எழுதுங்கள். இருபத்தொரு கொப்பியையும் முழுக்க வாசிக்கவும் வேண்டாம். ஒரு பரிசோதனைக்கு ஒரு பந்தியை மட்டும் திருத்துவேன் என்று முதலே அறிவித்துவிடுங்கள்: இந்தத் தடவை வழு பற்றிய பந்தி, அடுத்த தடவை வரைபு என்ன சொல்கிறது என்ற பந்தி. திருத்திய பந்தியை அவர்கள் திரும்ப எழுதவேண்டும், இரண்டாவது எழுத்துக்குத்தான் புள்ளி. வன்னியில் ஒரு பாடசாலைக்கு ஒரு பௌதிகவியல் ஆசிரியர் கிடைப்பதே பெரிய காரியம். நீங்கள் நித்திரை முழித்துக் களைத்து மாற்றம் கேட்டுப் போய்விட்டால் பிள்ளைகளுக்குக் கொப்பியும் இல்லை, பாடமும் இல்லை.

ஆங்கிலத்தை இப்போது ஆய்வுகூடத்துக்குள் கொண்டுவராதீர்கள். பல்கலைக்கழகத்துக்கென்று பம்பைமடுவுக்கோ அறிவியல்நகருக்கோ போகிற பிள்ளை ஆங்கிலத்தில்தான் அறிக்கை எழுதவேண்டி வரும், அது உண்மை, முதல் வருடம் கஷ்டப்படவும் செய்யும். ஆனால் என்னிடம் வருகிறவர்களில் தடுமாறுகிறவர்களை இரண்டு வகையாகப் பார்க்கிறேன். ஒரு வகைக்குச் சொல்வதற்கு விடயம் இருக்கும், சொல் கிடைக்காது. ஒரு அகராதியும் இரண்டு மாதமும் கொடுத்தால் எழும்பிவிடுவார்கள். மற்ற வகை, ‘மனித வழு காரணமாகச் சிறிய வித்தியாசம்’ என்பதை இலக்கணப் பிழையில்லாத ஆங்கிலத்தில் எழுதித் தரும். அவர்களோடுதான் எங்களுக்கு மூன்று வருடமும் போகிறது. விரும்பினால் அட்டவணைத் தலைப்புகளுக்குப் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் எழுதிப் பழக்குங்கள், கடைசி வகுப்பில் ஒரேயொரு அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதவையுங்கள். வாதாடுவதைத் தமிழிலேயே வாதாடட்டும்.